முதல் வரி

அன்புள்ள ஐயா,

பெங்களூரில் பயண முன்பதிவு மென்பொருள் எழுதும் இடத்தில் வேலை பார்க்கிறேன். புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு, விமான முன்பதிவுக் கணினி நடத்தும் சேபர் நிறுவனத்தின் வரலாற்றை 15 நிமிடத்தில் சொல்லச் சொல்லியிருக்கிறார்கள். 1953-ல் லாஸ் ஏஞ்சலஸிலிருந்து நியூயார்க் போன விமானத்தில் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் தலைவர் சி.ஆர். ஸ்மித்தும், ஐபிஎம் விற்பனையாளர் பிளேர் ஸ்மித்தும் பக்கத்துப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தார்களே, அந்தத் தற்செயலிலிருந்து தொடங்கலாமா? டிராவல் ஏஜென்ட்கள் இன்று யாருக்கும் தேவையில்லை என்பதால் அவர்களை விட்டுவிடலாம் என்று நினைக்கிறேன். சேபர் பங்கு வாங்குவது பற்றி உங்கள் கருத்து?

கார்த்திக்

அன்புள்ள கார்த்திக்,

தாராளமாகத் தொடங்குங்கள், எல்லோரும் அங்கேதான் தொடங்குகிறார்கள். ஆனால் தற்செயலுக்கு ரொம்ப மாலை போடாதீர்கள். அப்போது ஒரு டிக்கெட்டைப் பதிவு செய்து முடிக்கச் சராசரியாக ஒன்றரை மணி நேரம் ஆனது. விமானத்துக்கு ஓர் அட்டை என்று அடுக்கிய சுழல் பெட்டி. அதைச் சுற்றி எட்டுப் பேர். ஒன்பதாவது ஆள் உட்கார இடம் கிடையாது. கூட்டம் எவ்வளவு கூடினாலும் அந்த எட்டுப் பேர்தான். இன்னொரு பக்கம் ஐபிஎம், அமெரிக்க விமானப்படையின் சேஜ் வான்காப்புத் திட்டத்துக்காக, தொலைவில் இருக்கும் முனையங்களை ஒரே கணினியோடு இணைக்கும் வேலையில் இருந்தது. இந்த ஸ்மித் இல்லாவிட்டால் இன்னொரு ஸ்மித் வந்திருப்பார். சேபர் 1960-ல் நியூயார்க்குக்கு வடக்கே பிரையர்கிளிஃப் மேனரில் இரண்டு ஐபிஎம் 7090 கணினிகளோடு தொடங்கி, 1964-ல் முழுதாக ஓடியது. செலவு சுமார் 4 கோடி டாலர். இதற்கு ஒரு ஸ்லைடு போதும்.

டிராவல் ஏஜென்ட்களை விட்டுவிடலாம் என்று எழுதினீர்களே, அதைப் படித்ததும்தான் பதில் எழுத உட்கார்ந்தேன். தம்பி, அவர்களை விட்டால் உங்களிடம் மிஞ்சுவது ஒரு கணினியின் கதை. சேபரின் கதை அவர்கள் மேஜையில்தான் நடந்தது.

எழுத வருவதற்கு முன் சென்னையில் ஒரு டிக்கெட் அலுவலகத்தில் கொஞ்ச காலம் இருந்தேன். எங்களிடம் இருந்தது வேறு நிறுவனத்தின் முனையம். கறுப்புத் திரை, பச்சை எழுத்து. தேதியையும் இரண்டு ஊர்களின் மூன்றெழுத்துக் குறிகளையும் ஒட்டி அடித்தால் விமானங்கள் வரிசையாக வந்து நிற்கும். முதலாளிக்கு முதல் வரி போதும். "மேல இருக்கறதப் போட்டுக் குடும்மா, ஆள் நிக்குது" என்பார். என் பக்கத்து நாற்காலியில் இருந்த அக்கா மட்டும் அடுத்த பக்கத்துக்குப் போவார், அதற்கும் அடுத்த பக்கத்துக்குப் போவார். கைக்குழந்தையோடு வளைகுடா போகிற பெண் என்றால், பம்பாயில் ராத்திரி முழுக்கக் காத்திருக்காத விமானம் கிடைக்கும்வரை விடமாட்டார். கிடைத்ததும் உதட்டைக் குவித்து ஒரு சின்ன விசில். அதற்காக அவருக்குச் சம்பளம் ஒரு ரூபாய்கூடக் கூடவில்லை, திட்டுதான் கூடியது.

அந்த அக்காவைப் போன்றவர்கள் குறைவு என்பதை அமெரிக்கன் ஏர்லைன்ஸ் எண்ணியே பார்த்துவிட்டது. 1976 முதல் ஏஜென்ட் அலுவலகங்களில் சேபர் முனையங்களை வைத்தார்கள். 1982-ல் அவர்களே செய்த ஆய்வில், பாதிக்கும் மேற்பட்ட நேரம் ஏஜென்ட்கள் முதல் வரி விமானத்தையே எடுத்தார்கள். நூற்றுக்கு 92 முறை, எடுத்த விமானம் முதல் திரையில் இருந்தது. பட்டியலை எழுதுகிறவர் கையிலும் ஒரு விமான நிறுவனம் இருக்கிறது. அப்புறம் என்ன நடக்கும்?

1981 கடைசியில் நியூயார்க் ஏர் என்ற சின்ன நிறுவனம் நியூயார்க்கின் லாகார்டியா விமான நிலையத்திலிருந்து டெட்ராய்டுக்கு விமானம் விட்டது. அமெரிக்கனுக்கு அது முக்கியமான தடம். சீக்கிரமே நியூயார்க் ஏர் விமானங்கள் சேபர் திரையின் அடியில் போய் நின்றன. பதிவுகள் வற்றின. நாளுக்கு எட்டு என்று பறந்தது ஒன்றுமில்லாமல் போனது. யாரும் அதன் விமானத்தைத் தடுக்கவில்லை, ஏறக்கூடாது என்று சொல்லவில்லை. வரிசையில் கீழே தள்ளினார்கள், அவ்வளவுதான். அந்த வரிசைக்கு நிரல் எழுதியவரும் உங்களைப் போல ஒரு மென்பொருள்காரர்தான், கார்த்திக். 'கணக்கீட்டில் ஒரு எடையை மாற்றினேன்' என்று வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டிருப்பார்.

அமெரிக்க நாடாளுமன்றம் விசாரித்தபோது அமெரிக்கனின் அப்போதைய தலைவர் ராபர்ட் கிராண்டல் மழுப்பவில்லை. எங்கள் விமானங்களை முன்னால் காட்டி எங்கள் சந்தைப் பங்கைக் கூட்டுவதற்குத்தான் இதை உருவாக்கினோம் என்ற பொருளில் நேராகவே சொன்னார். எனக்கு அந்த மனிதர்மேல் ஒரு மரியாதை உண்டு. இன்று 'உங்களுக்காகப் பரிந்துரைக்கப்பட்டவை' என்று தேன் தடவிக் காட்டும் தளங்களில் ஒருவராவது அப்படிப் பேசுவாரா? 1984-ல், சொந்த விமானங்களுக்குச் சாதகமாகத் திரையை அடுக்குவதற்குத் தடை வந்தது. 2004-ல் அமெரிக்கா அந்த விதிகளையே எடுத்துவிட்டது. இனி விமான நிறுவனங்களிடம் இந்தத் திரைகள் இல்லை, போட்டியே பார்த்துக்கொள்ளும் என்றார்கள். விமான நிறுவனம் கையை எடுத்துவிட்டால் முதல் வரியின் விலை போய்விடுமா என்ன? வாங்குகிற ஆள்தான் மாறுவார்.

மிச்சமெல்லாம் தேதிகள். 1996-ல் டிராவலாசிட்டி என்ற பயண இணையதளம், 2000-ல் தாய் நிறுவனத்திடமிருந்து பிரிவு, 2007-ல் தனியார் முதலீட்டாளர்கள் கையில், 2014-ல் மறுபடி பங்குச் சந்தைக்கு, 2015-ல் டிராவலாசிட்டியை எக்ஸ்பீடியாவுக்கு விற்றது. வேகமாகச் சொல்லிக் கடந்துவிடலாம். டிராவலாசிட்டியில் மட்டும் ஒரு நொடி நில்லுங்கள். அதோடு பயணியே திரைக்கு முன்னால் வந்து உட்கார்ந்தார். மூன்றாவது பக்கம்வரை தேடுகிற வேலையும் அவர் தலையில் விழுந்தது. நீங்கள் கடைசியாக எப்போது மூன்றாவது பக்கம் போனீர்கள்?

உங்கள் 15 நிமிடத்தில் 7 நிமிடத்தை டெட்ராய்டுக்குக் கொடுங்கள். புதிதாக வந்திருப்பவர்கள் நாளைக்கே ஏதோ ஒரு பட்டியலை வரிசைப்படுத்தத்தான் போகிறார்கள்.

பங்கு விஷயத்தை உங்கள் ஆடிட்டரிடம் கேளுங்கள்.

அன்புடன்