யானையைத் துரத்தியவர் மகளுக்கு எதற்கு விலங்கியல்?

அன்புள்ள சகோதரி,

போன சனிக்கிழமை பட்டர்வொர்த்திலிருந்து மகளோடு ஃபெர்ரி ஏறிப் பினாங்குத் தீவுக்கு வந்தீர்கள். வனவிலங்கு விலங்கியல் படிக்க வேண்டும் என்ற அவள் ஆசையைப் பற்றி எல்லாம் பேசி முடித்துக் கிளம்பும்போது வாசலில் நின்று, "சார், குரங்கு பார்க்கிறதுக்கெல்லாம் சம்பளம் தருவாங்களா?" என்று கேட்டீர்கள். பிள்ளையின் முகம் சுருங்கியதைப் பார்த்துவிட்டு நான் சிரித்து மழுப்பிவிட்டேன். அதற்குத்தான் இந்தக் கடிதம்.

தருவார்கள். ஆனால் பார்ப்பதற்கு இல்லை. பார்த்ததை எண்ணி, கணக்குப் போட்டு, அறிக்கையாக எழுதி, அதை வைத்து ஓர் அதிகாரியையோ தோட்ட மேனேஜரையோ சம்மதிக்க வைப்பதற்கு. காட்டில் பத்து நாள் இருந்தால் கணினி முன்னால் இரண்டு மாதம் உட்கார வேண்டியிருக்கும். உங்கள் மகளுக்கு விலங்குகள் மேல் ஆசை இருக்கிறது, சரி. எக்செல் தாளில் நாலாயிரம் வரி நிரப்பும் பொறுமை இருக்கிறதா என்பதுதான் என் கேள்வி. அவளிடம் அதை நான் கேட்கவில்லை. என் தவறு.

ஒரு குழப்பத்தையும் தீர்த்துவிடுகிறேன். கால்நடை மருத்துவர் வேறு, வனவிலங்கு விலங்கியலாளர் வேறு. மருத்துவர் ஒரு விலங்கின் காலைக் கட்டுகிறார். விலங்கியலாளர் அந்த இனமே ஏன் குறைகிறது என்று தேடுகிறார். 'டாக்டருக்குப் படி, மிருக டாக்டராகவாவது ஆகு' என்று வீட்டில் சமரசம் பேசாதீர்கள். இரண்டும் ஒரே பாதை இல்லை.

"நம்ம ஊரில் யார் இதைச் செய்திருக்கிறார்கள்?" என்றும் கேட்டீர்கள். உங்கள் பக்கத்து ஊர் புக்கிட் மெர்தாஜத்தில் பிறந்தவர் வோங் சியூ தே. தைவானில் படித்து, பிறகு அமெரிக்காவின் மொன்டானா பல்கலைக்கழகம் போனவர். 1998இல் சபா மாநிலத்தின் டானும் பள்ளத்தாக்கில் சூரியக் கரடிகளை ஆராயத் தொடங்கினார். அப்போது அந்தக் கரடியைப் பற்றி உலகத்துக்கே அதிகம் தெரியாது. 2008இல் அதே சபாவின் செபிலோக்கில் அவற்றுக்கென ஒரு காப்பகம் தொடங்கினார். அது மக்களுக்குத் திறக்கப்பட்டது 2014இல். ஆண்டுகளைக் கூட்டிப் பாருங்கள், பதினாறு. இந்தத் தொழிலின் வேகம் இதுதான். மூன்று வருடத்தில் கார், ஐந்து வருடத்தில் வீடு என்று கணக்குப் போடுகிறவர்களுக்கு இது ஒத்துவராது.

தமிழர் பெயர் வேண்டுமென்றால் ஜான்சிங். நாங்குநேரிக்காரர், சிவகாசியில் கல்லூரி ஆசிரியராக இருந்தவர். 1976 முதல் 1978 வரை பந்திப்பூர் காட்டில் செந்நாய்களைப் பின்தொடர்ந்து ஆராய்ந்தார். பிறகு இந்திய வனவிலங்கு நிறுவனத்தில் ஒரு தலைமுறை ஆராய்ச்சியாளர்களையே உருவாக்கினார். 2024இல் காலமானார்.

இனி படிப்பு. ஐந்தாம் படிவத் தேர்வான எஸ்.பி.எம். முடிவில் உயிரியல், வேதியியல், கணிதம் மூன்றும் நன்றாக இருக்கட்டும். மலாய் மொழியில் கிரெடிட் கட்டாயம், அது இல்லாமல் அரசாங்க வேலையை நினைக்கவே வேண்டாம். அப்புறம் பல்கலைக்கழகத்துக்கு முந்தைய படிப்பு, மெட்ரிகுலேஷனோ எஸ்.டி.பி.எம்.மோ, எது கிடைக்கிறதோ அது. பட்டத்துக்குத் தூரம் போகத் தேவையில்லை. பினாங்கிலேயே மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் உயிரியல் துறை இருக்கிறது. சபா, சரவாக் பல்கலைக்கழகங்கள் காட்டுக்கு அருகில் இருப்பது நல்லதுதான். ஆனால் நம்மைப் போன்ற தீபகற்ப மலேசியாக்காரர்கள் அங்கே வேலை செய்ய பெர்மிட் எடுக்க வேண்டும் என்பதை இப்போதே தெரிந்துகொள்ளுங்கள். எங்கே படித்தாலும் புள்ளியியல் பாடத்தை மட்டும் அவள் தட்டிக்கழிக்கக் கூடாது. பிள்ளைகள் காட்டில் தோற்பதில்லை, அங்கேதான் தோற்கிறார்கள்.

வேலை? தீபகற்பத்தில் வனவிலங்குகளைக் கவனிக்கும் அரசின் பெர்ஹிலித்தான் இலாகா, சபாவிலும் சரவாக்கிலும் தனித்தனி அமைப்புகள். அரசு இடங்கள் குறைவு, காத்திருப்பு அதிகம். இயற்கைப் பாதுகாப்புச் சங்கங்களில் சம்பளம் நன்கொடையை நம்பி வருகிறது, ஒப்பந்தம் ஓராண்டு, இரண்டாண்டு என்றுதான் ஓடும். யாரும் சொல்லாத மூன்றாவது வழி ஒன்று உண்டு. சாலையோ அணையோ கட்டுவதற்கு முன் சுற்றுச்சூழல் பாதிப்பு அறிக்கை எழுதும் ஆலோசனை நிறுவனங்கள், சுற்றுச்சூழல் சான்றிதழ் வாங்க வேண்டிய செம்பனை (எண்ணெய்ப் பனை) நிறுவனங்கள். பலருக்கு மாதச் சம்பளம் ஒழுங்காக வருவது இங்கேதான். 'காட்டை அழிக்கிறவனிடமா வேலை?' என்று உங்கள் மகள் முறைப்பாள். முறைக்கட்டும். எங்கே கோடு போடுவது என்று அவளே முடிவு செய்ய வேண்டிய நாள் ஒன்று வரும்.

முதல் ஐந்து ஆண்டுகள் வருமானம் ஏறி இறங்கும். பி.டி.பி.டி.என். என்ற அரசு உயர்கல்விக் கடனும் கூடவே நிற்கும். அந்தக் காலத்தில் வீட்டுச் செலவுக்கு அவளை எதிர்பார்க்க மாட்டீர்கள் என்றால் மட்டும் சம்மதியுங்கள். எதிர்பார்ப்பீர்கள் என்றால் இன்றே அவளிடம் சொல்லிவிடுங்கள், அதில் வெட்கம் இல்லை.

இந்த விடுமுறையிலேயே சோதித்துப் பார்க்கலாம். தெலுக் பஹாங் சாலையில் கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம் உள்ள லோத்தோங் குரங்குகள் வண்டியில் அடிபடுகின்றன என்று, 2019இல் பழைய தீயணைப்புக் குழாய்களைக் கொண்டு மரத்துக்கு மரம் ஒரு பாலம் கட்டினார்கள். யாப் ஜோ லீன் என்ற ஆராய்ச்சியாளர் நடத்தும் குழுவின் வேலை அது. பாலம் கட்டச் சில நாள் போதும். குரங்குகள் எந்த இடத்தில், எந்த நேரத்தில் கடக்கின்றன என்று எண்ணியதற்குத்தான் காலம் பிடித்திருக்கும். அங்கே அவளை அழைத்துப் போங்கள். கைப்பேசி இல்லாமல், ஒரு நோட்டோடு, காலை ஏழு முதல் பதினொன்று வரை உட்காரட்டும். அரை மணிக்கு ஒருமுறை எழுதட்டும். எதுவும் வராவிட்டால் 'வரவில்லை' என்று எழுதட்டும். ஆறு வாரம், வாரம் ஒரு நாள்.

அவள் அப்பா வரவில்லை. "தோட்டத்தில் யானையைத் துரத்தி வளர்ந்தவன் நான், என் மகள் யானை பின்னால் போவதா" என்கிறார் என்று சொன்னீர்கள். அவர் கோபம் நியாயம்தான். இளஞ்செம்பனையின் குருத்தை ஒரே இரவில் தின்று தீர்த்த கூட்டத்தைப் பார்த்தவர். ஆனால் யானை எந்த வழியாக வருகிறது, ஏன் அந்தத் தோட்டத்துக்கு மட்டும் வருகிறது என்று கண்டுபிடிக்கத்தான் சிலாங்கூரின் செமினி ஊரில் உள்ள நாட்டிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் 2011 முதல் ஒரு குழு யானைகளின் கழுத்தில் ஜி.பி.எஸ். பட்டை மாட்டிப் பின்தொடர்ந்தது. உங்கள் கணவர் பட்ட கஷ்டம்தான் அந்த ஆராய்ச்சியின் கேள்வியே.

ஆறு வாரம் கழித்து அந்த நோட்டோடு வாருங்கள். அவரும் வரட்டும். துரத்திய யானைகள் எந்தப் பக்கத்திலிருந்து வந்தன என்று அவரிடம் மகள் கேட்கட்டும். நான் ஓரமாக உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கிறேன்.