கேளுங்க, சொல்றம்

கேள்வி: புதுசா வாற போன் ஒவ்வொண்டுக்கும் யூடியூப்ல ஏசி ஏசியே வீடியோ போடுறாங்க, ஹெட்போன் ஓட்டை இல்ல, மெமரி கார்ட் போட ஏலா எண்டு. ஆனா கல்முனைக் கடையில அதே போனைத்தான் சனம் அள்ளிட்டுப் போகுது. ஆர் சொல்றது சரி?
(வாசகர், களுவாஞ்சிகுடி)

பதில்: ரெண்டு பேரும் வேற வேற கேள்விக்குப் பதில் சொல்றாங்க மனே. போன கிழமை கல்லடியில ஒரு கடையில நிண்டன், ஒரு மாமி புதுப் போனை கிட்டயும் தூரயும் பிடிச்சுப் பிடிச்சுப் பார்த்துட்டு கேட்டா, "தம்பி, கட்டார்ல இரிக்கிற மகன்ட முகம் இதில தெளிவாத் தெரியுமா, சார்ஜ் ரெண்டு நாளைக்கு நிக்குமா?" அவ்வளவுதான், புரொசசர்ட பேரை அவ கேக்கவே இல்ல.

மறுகா, கத்துற ஆக்கள் எல்லாம் காசு குடுத்து வாங்குவாங்க எண்டும் இல்ல. சின்னப் போன் வேணும் வேணும் எண்டு நச்சரிச்சாங்க, ஆப்பிள் 2020ல 5.4 அங்குலத்தில ஐபோன் 12 மினி விட்டுது, 2021ல 13 மினி, எதிர்பார்த்த அளவுக்கு ஓடல்ல, 2022ல மினிய விட்டுட்டு 6.7 அங்குலத்தில 14 பிளஸ் கொண்டு வந்தாங்க.

ஆனா ஏசுறவங்கள்ட கதைய முழுசாத் தள்ளவும் ஏலா. 2016ல ஐபோன் 7ல ஹெட்போன் ஓட்டைய எடுத்தநேரம் பகிடி பண்ணின கம்பனிகளும் மறுகா எடுத்துட்டாங்க. சனம் வாங்குது எண்டதால அது நல்லம் எண்டு ஆகாது, வேற வழி இல்லாமத்தான் பாதிப்பேர் வாங்கினம் (நானும்தான்). மெமரி கார்ட் போட ஏலாத போன் எண்டா 128 ஜிபிக்குக் குறைய வாங்காதங்க, கலியாண வீட்டு வீடியோ வட்சப்ல வந்தே நிரம்பிரும்.