யன்னலைச் சாத்துங்கள், பிறகு சுவரைப் பார்ப்போம்

கேள்வி: கனடாவில், ரொறன்ரோவின் ஸ்காபரோவில் 1960களில் கட்டிய வீடு எங்களுடையது. பேஸ்மென்றில், அதாவது நிலத்துக்குக் கீழுள்ள தளத்தில், அம்மா இருக்கிறார். ஜூலை வந்தால் கீழே ஒரே பூஞ்சண மணம். போன கிழமை அவரின் சீலைப் பெட்டியைத் திறந்தால், அடியில் இருந்த கூறைச் சீலையில் சாம்பல் தூவியது போலப் பூஞ்சணம். இத்தனைக்கும் பகல் முழுக்க யன்னலைத் திறந்துதான் வைக்கிறோம். வந்து பார்த்த ஒப்பந்தக்காரர், வீட்டைச் சுற்றித் தோண்டி வெளிச்சுவருக்கு நீர்க்காப்புப் போட 18,000 டொலர் கேட்கிறார். கொடுக்கலாமா?
- ஒரு வாசகி

பதில்: சகோதரி, இப்போதைக்கு ஒரு சதமும் கொடுக்காதீர்கள். உங்கள் கடிதத்தில் முதலில் என் கண்ணில் பட்டது அந்தத் திறந்த யன்னல்தான்.

அறை ஈரமாக இருந்தால் யன்னலைத் திற, காற்று பட்டால் காய்ந்துவிடும் என்று ஊரில் பழகி வந்தவர்கள் நாங்கள். அங்கே அது சரி. இங்கே பேஸ்மென்ற் சுவர் மண்ணுக்குள் நிற்கிறது. கோடையிலும் அதன் அடிப்பகுதி பெரும்பாலும் 18 பாகையைத் தாண்டாது. வெளியே 30 பாகை வெயில், ஈரப்பதம் 60 வீதம் என்று வையுங்கள். அந்தக் காற்று 21 பாகைக்குக் குளிர்ந்தாலே தண்ணீரைக் கக்கத் தொடங்கிவிடும். குளிர்ந்த சோடாப் போத்தல் மேசையில் வியர்க்கிறதே, அதே கதைதான். அம்மா யன்னலைத் திறக்கத் திறக்கச் சுவர் வியர்க்கிறது. சுவரோடு ஒட்டி வைத்த பெட்டிக்குப் பின்னால் அந்த ஈரம் காய வழியில்லை.

இது என் ஊகம்தான். நீங்களே சோதித்துப் பாருங்கள். சமையலறை அலுமினியத் தாளில் ஒரு முழத் துண்டை, காய்ந்த இடமாகப் பார்த்து, சுவரின் கீழ்ப்பகுதியில் நான்கு பக்கமும் காற்றுப் புகாமல் ரேப் போட்டு ஒட்டுங்கள். தரையிலும் ஒன்று. இரண்டு நாள் கழித்துப் பாருங்கள். தாளின் வெளிப்பக்கம் நனைந்திருந்தால் அது அறைக் காற்றின் ஈரம். உரித்த பிறகு உட்பக்கம் நனைந்திருந்தால் மண்ணிலிருந்து சுவர் வழியாக வருகிறது. இரண்டு பக்கமும் ஈரமென்றால் இரண்டு வேலையும் இருக்கிறது.

காற்றின் ஈரமென்றால் செலவு சில நூறு டொலர்தான். புழுக்கமான நாட்களில் யன்னலைச் சாத்திவிட்டு, ஈரம் உறிஞ்சும் டிஹியுமிடிஃபயர் ஒன்றை ஓடவிடுங்கள். அதன் குழாயைத் தரை வடிகாலுக்குள் விட்டுவிடுங்கள், தினமும் வாளி தூக்க அம்மாவால் முடியாது. ஈரப்பதமானி ஒன்று வாங்கி, 50 வீதத்துக்குக் கீழே வைத்திருங்கள். கீழே சோறு வடிப்பது, உடுப்புக் காயப்போடுவது எல்லாம் கணக்கில் சேரும். “மூச்சு முட்டுது” என்று அம்மா சொல்லத்தான் செய்வார். செப்ரெம்பரில் வெளிக்காற்று குளிர்ந்து உலர்ந்ததும் தாராளமாகத் திறக்கட்டும்.

மண்ணின் ஈரமென்றாலும் உடனே தோண்ட வேண்டாம். அடுத்த பெருமழைக்குக் குடையோடு வீட்டை ஒரு சுற்றுச் சுற்றி வாருங்கள். 1,000 சதுர அடிக் கூரையில் 25 மில்லிமீற்றர் மழை பெய்தால் ஏறக்குறைய 2,300 லீற்றர் தண்ணீர். மழைநீரை ஏந்தும் கூரையோரப் பீலி அடைத்திருந்தால், அல்லது பீலிக் குழாய் சுவரடியிலேயே முடிந்தால், அவ்வளவும் அத்திவாரத்துக்குத்தான் போகும். குழாயை இரண்டு மீற்றர் தள்ளி நீட்டுங்கள். சுவரோரம் மண் தாழ்ந்திருந்தால், மூன்று மீற்றர் தூரத்துக்குள் 15 சென்ரிமீற்றர் வெளிப்பக்கம் சரியும்படி மண் போட்டு உயர்த்துங்கள். இன்னொன்று, கோபிக்காதீர்கள்: எங்கள் ஆட்கள் தக்காளிக்கும் வெண்டிக்கும் பாத்தி கட்டுவது வீட்டுச் சுவரை ஒட்டித்தான். தினம் பின்னேரம் அதற்கு விடும் தண்ணீரும் கீழேதான் இறங்குகிறது.

சுவரில் வெள்ளையாக மாப் போலப் பூத்திருந்தால் பயப்பட வேண்டாம். தண்ணீர் தெளித்ததும் கரைந்தால் அது உப்பு, பூஞ்சணம் இல்லை. ஆனால் சுவருக்குள்ளால் தண்ணீர் வந்து போகிறது என்பதற்கு அதுதான் சாட்சி. அதன்மேல் உட்பக்கம் நீர்க்காப்புப் பெயின்ற் அடிக்கச் சொல்வார்கள். வெளியே தண்ணீர் தேங்கும்வரை அது பொருக்குப் பொருக்காகக் கழன்றுகொண்டே இருக்கும்.

இவ்வளவும் செய்த பிறகும் தாளின் உட்பக்கம் நனைந்தால் தோண்டுவது பற்றிப் பேசலாம். அந்தக் காலத்து வீடுகளில் அத்திவாரத்தைச் சுற்றிய வடிகுழாய் பெரும்பாலும் களிமண் குழாய், உடைந்தோ தூர்ந்தோ இருக்கலாம். முதலில் கமரா விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். மூன்று பேரிடமாவது விலை கேளுங்கள்.

தரை வடிகாலால் சாக்கடை மேலே வருவது வேறு பிரச்சினை. 2013 ஜூலை 8 அன்று பியர்சன் விமான நிலையத்தில் 126 மில்லிமீற்றர் மழை கொட்டியபோது பல வீடுகளில் அதுதான் நடந்தது. அதற்கான தடுப்பு வால்வுக்கு ரொறன்ரோ நகரசபை மானியம் கொடுக்கிறது, வேலை தொடங்குமுன் விதிகளைக் கேட்டுக்கொள்ளுங்கள். வீட்டுக் காப்புறுதியில் சாக்கடைப் பெருக்கு சேர்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள், பொதுவாகத் தனியாகத்தான் சேர்க்க வேண்டும்.

கூறைச் சீலைக்கு பிளீச் கிட்டவும் வேண்டாம். மாஸ்க் போட்டு, வெளியே நிழலில் விரித்து, மெல்லிய தூரிகையால் தட்டிவிட்டு, சரிகைச் சீலை என்று சொல்லி ட்ரை கிளீனிங்குக்குக் கொடுங்கள். பெட்டி கார்ட்போர்ட் என்றால் எறிந்துவிடுங்கள். திரும்பி வரும் சீலையை மேல்மாடி அலுமாரியில் வையுங்கள்.