முழங்கை முறிவும் மடங்காத விரலும்

கேள்வி: என் மகனுக்கு ஆறு வயது. ஐந்து வாரங்களுக்கு முன் சறுக்குமரத்திலிருந்து விழுந்ததில் இடது முழங்கைக்குச் சற்று மேலே எலும்பு முறிந்துவிட்டது. அன்றிரவே மயக்கம் கொடுத்து, எலும்பை நேராக்கி, வெளிப்பக்கமாக இரண்டு கம்பிகளைச் செருகி மாவுக்கட்டுப் போட்டார்கள். சென்ற வாரம் கட்டையும் கம்பிகளையும் எடுத்துவிட்டார்கள். எலும்பு நன்றாகக் கூடியிருக்கிறதாம். ஆனால் பெருவிரலின் நுனியையும் ஆள்காட்டி விரலின் நுனியையும் அவனால் மடக்க முடியவில்லை. மரத்துப்போன உணர்வு எதுவும் இல்லை. மூன்று மாதம் பொறுக்கும்படி மருத்துவர் சொல்கிறார். உறவினர்களோ, அறுவை சிகிச்சையின்போது நரம்பை வெட்டிவிட்டார்கள் என்கிறார்கள். யார் சொல்வதை நம்புவது?
– ஒரு தாய், கும்பகோணம்

பதில்: உங்கள் மருத்துவர் சொல்வதைத்தான் நம்ப வேண்டும். காரணத்தையும் அவரே விளக்கியிருந்தால் உறவினர்களின் பேச்சு உங்களை இவ்வளவு கலங்கடித்திருக்காது.

ஐந்து முதல் ஏழு வயதுக்குள் இந்த முறிவு மிக அதிகமாக ஏற்படுகிறது. மேற்கை எலும்பு முழங்கைக்குச் சற்று மேலே, முன்னும் பின்னும் குழிவிழுந்து மெலிந்திருக்கும். கையை நீட்டி ஊன்றியபடி குழந்தை விழும்போது அந்த இடம்தான் முறிகிறது. முறிந்த மேல்துண்டின் கூரான முனை முன்பக்கம் தள்ளிக்கொண்டு வருகிறது. கைக்கு இரத்தம் கொண்டுசெல்லும் பெரிய தமனியும் மீடியன் நரம்பும் ஓடுவது அதே வழியில்தான். அந்த நரம்பின் ஒரு கிளையே பெருவிரல், ஆள்காட்டி விரல் ஆகியவற்றின் நுனிகளை மடக்கும் தசைகளை இயக்குகிறது. இவ்வகை முறிவில் அதிகமாக அடிபடுவதும் அந்தக் கிளைதான். அது தோலுக்கு உணர்வு தருவதில்லை என்பதால் மரத்துப்போவதில்லை, குழந்தையும் எதுவும் சொல்வதில்லை. கட்டுக்குள் கை இருந்தவரை நீங்கள் கவனிக்காததில் வியப்பும் இல்லை, தவறும் இல்லை.

கம்பியால் காயப்படக்கூடியது பெரும்பாலும் வேறொரு நரம்பு. முழங்கையின் உட்பக்கத்தில், இடித்துக்கொண்டால் சுரீரென்று மின்சாரம் பாய்வதுபோல் தோன்றுமே, அந்த அல்நார் நரம்பு. உட்பக்கமாகக் கம்பி செருகும்போதுதான் அதற்கு ஆபத்து அதிகம். அது பாதிக்கப்பட்டால் மோதிர விரலும் சுண்டு விரலும் மரத்துப்போகும், விரல்களை அகல விரிக்க முடியாது. உங்கள் மகனின் நிலை அப்படிப்பட்டதல்ல. ஆகவே விழுந்த கணத்திலேயே நரம்பு நசுங்கியிருக்கவே வாய்ப்பு அதிகம். அறுவை சிகிச்சைக்கு முன் விரல் அசைவைச் சோதித்துக் குறித்திருக்கிறார்களா என்று மருத்துவக் குறிப்பில் பார்த்துக்கொள்ளுங்கள்.

மூன்று மாதக் கணக்குக்கும் காரணம் உண்டு. இத்தகைய காயங்களில் பெரும்பாலும் நரம்பு அறுபடுவதில்லை. நசுங்கியோ இழுபட்டோ செயல் மறந்து கிடக்கிறது. அது சில வாரங்களிலிருந்து இரண்டு மூன்று மாதங்களுக்குள் விழித்துக்கொள்ளும். உறை அப்படியே இருந்து உள்ளிழைகள் மட்டும் அறுந்திருந்தால், இழைகள் நாளுக்கு ஏறக்குறைய 1 மில்லிமீட்டர் வீதம் மீண்டும் வளர வேண்டும். முழங்கையிலிருந்து முன்கைத் தசைகளை எட்டச் சில மாதங்கள் ஆகும். மூன்று மாதம் முடிந்தும் சிறு அசைவுகூடத் தெரியவில்லை என்றால், நரம்புக் கடத்தல் சோதனையும் தசை மின்சோதனையும் செய்து, தேவைப்பட்டால் நரம்பைத் திறந்து பார்ப்பார்கள்.

அதுவரை, மடங்காத விரல் கணுக்களை நீங்களே தினமும் சில முறை மென்மையாக மடக்கி நீட்டிவிடுங்கள். அவை இறுகிப்போகக் கூடாது. எண்ணெய் தேய்த்து முழங்கையை உருவிவிட வேண்டாம். பலவந்தமாக நீவினால் மூட்டைச் சுற்றிய தசையில் எலும்பு படிந்து கை நிரந்தரமாக விறைக்கக்கூடும். பெருவிரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்து வட்டம் போடச் சொல்லி வாரம் ஒருமுறை பாருங்கள். இப்போது நுனிகள் மடங்காமல் விரல்கள் தட்டையாக ஒட்டும். வட்டம் உருண்டு வரத் தொடங்கினால் நரம்பு திரும்புகிறது என்று பொருள்.

இதைப் படிக்கும் மற்ற பெற்றோருக்கு ஒன்று. நரம்புக்காகக் காத்திருக்கலாம், இரத்த ஓட்டத்துக்காகக் காத்திருக்க முடியாது. முறிவு ஏற்பட்ட முதல் ஓரிரு நாட்களில் வலி குறையாமல் ஏறிக்கொண்டே போனாலோ, மருந்து கொடுத்தும் குழந்தை அடங்காமல் அழுதாலோ, விரல்களை நீட்டிவிட்டால் துடித்தாலோ, இரவாக இருந்தாலும் உடனே மருத்துவமனைக்கு ஓடுங்கள். நாடி துடிக்கிறதே என்று சமாதானம் அடையக் கூடாது. முன்கைத் தசைகள் இரத்தமின்றிச் சாவதற்குச் சில மணி நேரம் போதும். 1881-இல் ஃபோல்க்மன் என்ற ஜெர்மானிய மருத்துவர் விவரித்த, விரல்கள் கொக்கிபோல் சுருங்கும் ஊனம் அப்படித்தான் வருகிறது. மூங்கில் பட்டை வைத்து இறுக்கிக் கட்டும் நாட்டுக்கட்டு இந்த ஆபத்தை மேலும் கூட்டுகிறது.

கேள்வி: எனக்கு வயது 19. ஐந்து வயதில் முழங்கையின் வெளிப்புற எலும்பு முறிந்து, நாட்டுக்கட்டு மட்டும் போட்டார்கள். இப்போது கை வெளிப்பக்கமாக வளைந்திருக்கிறது. சில மாதங்களாகச் சுண்டு விரல் மரத்துப்போகிறது. நானும் காத்திருக்கலாமா?
– கல்லூரி மாணவர், திண்டுக்கல்

பதில்: காத்திருக்க வேண்டாம். அன்று முறிந்த துண்டு கூடாமலே விட்டிருக்கலாம். கை வளைய வளைய, உட்பக்கத்து அல்நார் நரம்பு ஆண்டுக்கணக்கில் இழுபட்டுத் தேய்ந்திருக்கலாம். இது தானாகச் சரியாவது அரிது. எக்ஸ்ரேயும் நரம்புக் கடத்தல் சோதனையும் எடுத்துக்கொண்டு எலும்பு மருத்துவரைப் பாருங்கள். நரம்பை முழங்கையின் முன்பக்கம் மாற்றி வைக்கும் அறுவை சிகிச்சை பெரும்பாலும் இழுபடுவதை நிறுத்திவிடும். ஆனால் கைவிரல்களின் இடையிலுள்ள தசைகள் மெலிந்துவிட்ட பிறகு செய்தால் பழைய பலம் முழுமையாகத் திரும்புவது கடினம்.