அம்மா ஊருக்குக் கிளம்பும் முன் உடம்பு தேறிவிடுமா?

கேள்வி: ஓசூரில் இருக்கிறேன். சிசேரியன் ஆகி 9 வாரம் ஆகிறது. குனிந்து நிமிர்ந்தால் இடுப்பு வலிக்கிறது, தும்மினால் சில சொட்டு சிறுநீர் கசிகிறது. வலது கையில் கட்டைவிரல் பக்கம் மணிக்கட்டு வலி. தையலுக்கு மேலே தொட்டால் உணர்ச்சியே இல்லை. எல்லாவற்றுக்கும் முதுகில் போட்ட ஊசிதான் காரணம் என்கிறார்கள். துணைக்கு வந்திருக்கும் அம்மா இன்னும் ஒரு மாதத்தில் ஊருக்குப் போகிறார்கள். கணவருக்குத் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை. பிரசவத்துக்கு 3 வாரம் முன்பே விடுப்பு எடுத்துவிட்டதால், பாப்பாவுக்கு 5 மாதம் முடிந்த கையோடு நான் அலுவலகம் போக வேண்டும். எதிலிருந்து தொடங்குவது?

பதில்: முதலில் அந்த ஊசியை விட்டுவிடுவோம். ஊசி குத்திய இடத்தில் சில நாள் வலிக்கலாம். மாதக்கணக்கில் நீடிக்கும் இடுப்பு வலிக்கு அதைக் காரணம் சொல்ல முடியாது. ஊசியே போடாமல் சுகப்பிரசவம் ஆனவர்களும் இதே வலியோடு என்னிடம் சிகிச்சைக்கு வருகிறார்கள். இதை ஏன் முதலில் சொல்கிறேன் என்றால், ஊசிதான் காரணம் என்று நம்பிவிட்டால் இனிமேல் செய்ய ஒன்றுமில்லை என்று ஆகிவிடும். உண்மையில் நிறையச் செய்யலாம்.

வலிக்குக் காரணம் உங்கள் வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. நாளைக்கு ஒரு நாள் எத்தனை முறை குனிகிறீர்கள் என்று எண்ணிப் பாருங்கள். தூளி முழங்கால் உயரத்தில் தொங்குகிறதா? பால் கொடுக்கத் தரையில் சம்மணம் போட்டு, பாப்பாவை நோக்கி நீங்கள் கூன் போடுகிறீர்களா? கர்ப்பத்தில் இழுபட்ட வயிற்றுத் தசை இன்னும் முதுகைத் தாங்கும் நிலைக்கு வரவில்லை, மூட்டுகளைப் பிடித்திருக்கும் தசைநார்களும் முழுசாக இறுகவில்லை. வயிற்றுத் தசையை மூடியிருக்கும், வெட்டித் தைத்த உள் உறை, 6 வாரத்தில் பழைய வலுவில் சுமார் பாதியைத்தான் எட்டியிருக்கும். மேல்தோல் அழகாகக் கூடிவிட்டதைப் பார்த்து ஏமாந்துவிடக் கூடாது.

அதனால் உடற்பயிற்சிக்கு முன்னால் உயரத்தைச் சரிசெய்யுங்கள். பால் கொடுக்கும்போது முதுகு சுவரில் சாய்ந்திருக்கட்டும். மடியில் இரண்டு தலையணை வைத்து, பாப்பாவை மார்பு உயரத்துக்குக் கொண்டுவாருங்கள். துணி மாற்றுவதைத் தரையிலிருந்து கட்டிலுக்கு மாற்றி, பக்கத்தில் மண்டியிட்டுச் செய்யுங்கள். தண்ணீர்க் குடத்தை இப்போதைக்குத் தொடவே வேண்டாம். 15 லிட்டர் குடம் என்றால் 15 கிலோ, உங்கள் பாப்பாவைப் போல மூன்று மடங்கு.

அம்மா கிளம்பிய பிறகு உங்கள் இடுப்பை அதிகம் சோதிக்கப்போவது பாப்பாவின் குளியல்தான். மனைப்பலகையில் உட்கார்ந்து, காலை நீட்டி, கால்மேல் பாப்பாவைக் கிடத்தி ஊற்றும் அந்தக் குளியலில் உங்கள் அம்மாவுக்குப் பல வருடப் பழக்கம் இருக்கும். வயிற்றுத் தசை தளர்ந்த நேரத்தில் காலை நீட்டி உட்கார்ந்து முன்னால் வளைவது உங்களுக்குக் கஷ்டமான வேலை. முதல் நாளே தனியாகச் செய்து, அன்றிரவே இடுப்பு பிடித்துக்கொண்ட பெண்கள் பலரைப் பார்த்திருக்கிறேன். பிளாஸ்டிக் டப் ஒன்று வாங்கி, ஆடாத மேஜைமேல் வைத்து, நின்றபடி குளிப்பாட்டப் பழகுங்கள். ஒரு கை எப்போதும் பாப்பாமேல் இருக்க வேண்டும். தினமும் தலைக்கு ஊற்ற வேண்டியதில்லை. ஒரு நாள் விட்டு ஒரு நாள் ஈரத்துணியால் துடைத்தால் போதும். சாம்பிராணிப் புகையும் மூக்கில் எண்ணெய் விடுவதும் வேண்டவே வேண்டாம். அம்மாவிடம் இதைச் சொல்வது சங்கடம்தான், ஆனாலும் சொல்லிவிடுங்கள்.

சிறுநீர்க் கசிவுக்கு வருவோம். பிள்ளை பெற்றால் இப்படித்தான் என்று பெரியவர்கள் சொல்லியிருப்பார்கள். பலருக்கு வருவது உண்மைதான், ஆனால் சகித்துக்கொண்டு போக வேண்டிய விஷயம் இல்லை. சிசேரியன் என்றாலும் ஒன்பது மாதச் சுமையை, இடுப்பின் அடிப்பக்கத்தில் சிறுநீர்ப்பையைத் தாங்கி நிற்கும் இடுப்புத் தளத் தசைகள் தாங்கியிருக்கின்றன. படுத்துக்கொண்டு முழங்காலை மடக்குங்கள். வாயுவை அடக்குவதுபோல ஆசனவாயை இறுக்கி, அந்த இறுக்கத்தை முன்பக்கம் சிறுநீர்த் துவாரம் வரை மேலே இழுங்கள். மூச்சை அடக்காதீர்கள், பின்பக்கத்தையும் தொடையையும் இறுக்காதீர்கள். முடிந்த வரை பிடித்து, முழுசாக விடுங்கள். ஒரு தடவைக்கு 8 முறை, நாளைக்கு 3 தடவை, குறைந்தது 3 மாதம். தும்மலோ இருமலோ வரும்போது அதற்கு ஒரு நொடி முன்னால் இறுக்கப் பழகினால் கசிவு குறைவது சீக்கிரமே தெரியும். சிறுநீர் கழிக்கும்போது பாதியில் நிறுத்தி இதைப் பயிற்சியாகச் செய்யாதீர்கள். 3 மாதம் ஒழுங்காகச் செய்தும் குறையாவிட்டால் நேரில் பரிசோதனை அவசியம்.

வயிற்றை இறுக்கித் துணி கட்டுவது இந்தத் தசைகளுக்கு எதிரான வேலை, அழுத்தம் முழுவதும் கீழே இறங்கும். லேசான பெல்ட் நடக்கும்போது ஆதரவாக இருக்கிறதென்றால் சரி, மூச்சு முட்டக் கட்டக் கூடாது. பத்தியம் என்று தண்ணீரைக் குறைத்திருந்தால் இன்றே நிறுத்துங்கள். பால் கொடுக்கும் உடம்புக்குத் தண்ணீர் வேண்டும், தண்ணீர் குறைந்தால் மலச்சிக்கலும் வரும். முக்கிப் போனால் தையலுக்கும் இடுப்புத் தளத்துக்கும் சேர்த்துப் பாரம். இரும்புச்சத்து மாத்திரையைப் பிரசவத்துக்குப் பிறகு 180 நாள் தொடர வேண்டும். கால்சியம் மாத்திரையை அதோடு சேர்த்து விழுங்காமல் 2 மணி நேரம் இடைவெளி விடுங்கள்.

தையலுக்கு மேலே மரத்திருப்பது, வெட்டுப்பட்ட நுண்நரம்புகள் இன்னும் வளராததால். பல மாதம் எடுக்கும், சிலருக்கு ஒரு சிறு இடம் அப்படியே நின்றுவிடும், கெடுதல் இல்லை. மணிக்கட்டு வலி, பாப்பாவின் அக்குளில் கை கொடுத்து, கட்டைவிரலை விரித்துத் தூக்குவதால் வருவது. இனி ஒரு கையைப் பின்பக்கத்துக்கு அடியிலும் மறு கையைத் தலைக்கு அடியிலும் விட்டு, விரல்களைச் சேர்த்து அள்ளித் தூக்குங்கள். கட்டைவிரலை அசையாமல் பிடிக்கும் பட்டையைச் சில வாரம் போட்டால் பெரும்பாலும் அடங்கிவிடும்.

நடைப்பயிற்சியை இன்றே தொடங்கலாம். ஓட்டம், குதிப்பது, மல்லாந்து படுத்து உடம்பை எழுப்பும் பயிற்சிகள் இப்போது வேண்டாம். ஓட்டத்துக்கு 3 மாதமாவது ஆகட்டும், அதுவும் கசிவு நின்ற பிறகு.

காய்ச்சல், தையலில் சீழ், ஒரு மணி நேரத்தில் ஒரு பேட் நனையும் ரத்தப்போக்கு, ஒரு காலில் மட்டும் வீக்கத்தோடு வலி, கண் மங்கும் கடும் தலைவலி இருந்தால் அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். மூச்சுத்திணறல் என்றால் உடனே 108. இரண்டு வாரத்துக்கு மேல் அழுகையும் வெறுமையும் விடாமல் இருந்தால் அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். 14416 என்ற டெலி மனஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் எந்நேரமும் தமிழில் பேசலாம்.

இனி, அம்மா கிளம்புவது. எல்லா வேலையையும் அவர் பஸ் ஏறிய மறுநாள் ஒரே மூச்சாக உங்கள் தலையில் ஏற்றிக்கொள்ளக் கூடாது. இதைத்தான் நான் திரும்பத் திரும்பச் சொல்வேன், உடம்பு தேறும் வேகம் வீட்டு வேலை எப்படிக் கைமாறுகிறது என்பதைப் பொறுத்தது. இந்த வாரம் குளியல் கணவருக்கு, அவர் வேலையில் இருக்கும் நாளில் உங்களுக்கு. அடுத்த வாரம் காலைச் சமையல். அம்மா பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கட்டும், கை கொடுக்க வேண்டாம்.

கணவரின் ஷிப்ட் அட்டவணையைப் பிரிட்ஜ் கதவில் ஒட்டி, ஒவ்வொரு வாரத்துக்கும் உங்களுக்குத் தொடர்ந்து 4 மணி நேரத் தூக்கம் எங்கே வருகிறது என்று கட்டம் போடுங்கள். அவருக்குக் காலை ஷிப்ட் என்றால், மாலை பால் கொடுத்துவிட்டு நீங்கள் படுத்துவிடலாம், அவர் பாப்பாவோடு இருப்பார். இரவு ஷிப்ட் வாரம்தான் கடினம். அந்த ஒரு வாரத்துக்கு மட்டும் மாமியாரையோ நாத்தனாரையோ கூப்பிடுங்கள். மூன்று மாதம் வந்து இருங்கள் என்றால் தயங்குபவர்கள் ஒரு வாரம் என்றால் வருவார்கள்.

அலுவலகத்துக்குத் திரும்புவதற்கு 3 வாரம் முன்னால் பால் பீய்ச்சி எடுத்து, பாலாடையில் வேறொருவர் புகட்டப் பழக்குங்கள். 6 மாதம் வரை தாய்ப்பால் மட்டும்தான் என்பதால், வேலையில் சேர்ந்த பிறகு மூன்று வாரத்தை இப்படி ஓட்ட வேண்டியிருக்கும். எடுத்த பாலை நம் வெயிலில் வெளியே வைக்காமல் உடனே பிரிட்ஜின் உள்பக்கத்தில் வையுங்கள், கதவில் வேண்டாம். 4 நாள் வரை இருக்கும். வெந்நீர்க் கிண்ணத்தில் வைத்துச் சூடாக்குங்கள், அடுப்பில் காய்ச்சாதீர்கள். குழந்தைக்கு 15 மாதம் ஆகும் வரை நாளைக்கு இரண்டு பாலூட்டும் இடைவேளை சட்டப்படி உங்கள் உரிமை. 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனம் என்றால் குழந்தைகள் காப்பகமும் இருக்க வேண்டும். சேருவதற்கு ஒரு மாதம் முன்பே மின்னஞ்சலில் கேட்டு வைத்துவிடுங்கள்.

அடுத்த வாரம் பாப்பாவுக்கு 10-வது வாரத் தடுப்பூசி வருகிறதல்லவா, அதை ஒத்திகையாக வைத்துக்கொள்ளுங்கள். அம்மா வீட்டில் இருக்கட்டும், நீங்களும் கணவரும் மட்டும் ஆட்டோவில் போய் வாருங்கள். ஊசி போட்ட அன்றிரவு காய்ச்சல் வரலாம், மருந்தின் அளவைச் செவிலியரிடமே எழுதி வாங்கிவிடுங்கள். அன்று இரவும் மறுநாளும் பாப்பாவைக் கணவர் பார்த்துக்கொள்ளட்டும். எங்கே தடுமாறுகிறீர்கள் என்பது அந்த இரண்டு நாளில் தெரிந்துவிடும், சரிசெய்ய இன்னும் மூன்று வாரம் அம்மா கூடவே இருக்கிறார்.