கேள்வி – பதில்: பள்ளி நூலகமும் ஊராரும்

கேள்வி: எங்கள் தோட்டத் தமிழ்ப்பள்ளி நூலகத்துக்குப் புத்தகம் தாருங்கள் என்று ஊரில் கேட்டோம். லோரி நிறைய வந்து இறங்கிவிட்டது. பாதிக்கு மேல் ஆறாம் ஆண்டு அரசுத் தேர்வான யூ.பி.எஸ்.ஆர். பயிற்சி நூல்கள். என்ன செய்வது?
– பெற்றோர் ஆசிரியர் சங்கச் செயலாளர், சுங்கை சிப்புட்

பதில்: பொதுவாகக் கேட்டால் வீட்டில் இடத்தை அடைத்துக் கிடப்பதுதான் வரும். யூ.பி.எஸ்.ஆர். தேர்வு 2021இல் நீக்கப்பட்டுவிட்டது. அந்த நூல்களை அலமாரியில் ஏற்றாமலே பழைய தாள் கடைக்கு அனுப்பிவிடுங்கள். பள்ளிப் பதிவேட்டில் ஏற்கெனவே ஏறிய நூல்களுக்கு இது பொருந்தாது. அவற்றைக் கழிக்க முறையான ஒப்புதல் வேண்டும்.

குவியலில் பழைய பள்ளி ஆண்டு மலர், கோயில் திருவிழா மலர், மலேசியத் தமிழ் எழுத்தாளர்களின் பழைய பதிப்பு ஏதும் இருந்தால், கிழிந்திருந்தாலும் எடுத்து வையுங்கள். துண்டாடப்பட்டு மறைந்த தோட்டங்கள் எத்தனையோ. அந்த மக்களின் படம் அந்த மலரில் மட்டும்தான் இருக்கக்கூடும்.

அடுத்த முறை ஆளுக்கொன்றாகக் கேளுங்கள். முன்னாள் மாணவர்களிடம், "முதலாம், இரண்டாம் ஆண்டுப் பிள்ளைகளுக்குப் பெரிய எழுத்துப் படக்கதை 40, ஒவ்வொன்றிலும் இரண்டு படி" என்று பட்டியலே கொடுங்கள். பணமாகத் தந்தால் பள்ளிக் கணக்கில் சேர்த்து ரசீது கொடுங்கள். ஆலய நிர்வாகத்திடம் பொருளைவிட ஆளைக் கேட்பதே மேல்: வாரம் இரண்டு நாள் ஓய்வு நேரத்தில் இரவல் பதிய ஒருவர். நூலக ஆசிரியருக்குப் பாடவேளைகளும் உண்டு. அவர் வர முடியாத நாளில் கதவு பூட்டியே கிடந்தால் புதுப் புத்தகம் யாருக்கு?

கேள்வி: நன்கொடையாளர் ஒருவர் நூலகத்துக்குக் குளிர்சாதனம் பொருத்தித் தந்தார். ஓராண்டுக்குள் புத்தகங்களில் வெள்ளைப் பூசணம். ஏன்?
– நூலக ஆசிரியர்

பதில்: காலையில் போட்டு மதியம் இரண்டு மணிக்கு நிறுத்துகிறீர்கள் அல்லவா? அதுதான் காரணம். சுவரும் புத்தகமும் குளிர்ந்திருக்கும் நேரத்தில் வெளிக்காற்று உள்ளே நுழைகிறது. நம் ஊரில் காற்றின் ஈரப்பதம் 80 விழுக்காட்டைத் தாண்டுவது சாதாரணம். அந்த ஈரம் குளிர்ந்த பரப்பில் படிகிறது. ஈரப்பதம் 65 விழுக்காட்டுக்கு மேல் நாள்கணக்கில் நின்றாலே பூசணம் பிடிக்கும்.

வெப்பநிலையை 26 பாகைக்குக் கீழே இறக்காதீர்கள். மழையில்லாத நாளில் சன்னலைத் திறந்து மின்விசிறியை ஓடவிடுவது இன்னும் நல்லது. அலமாரிக்கும் சுவருக்கும் நடுவே 10 சென்டிமீட்டர் விடுங்கள், புத்தகங்களை இறுக்கி அடுக்காதீர்கள். ஈரப்பதமானி ஒன்றைக் கண்ணில் படும்படி மாட்டுங்கள்.

பூசணம் பிடித்தவற்றை உடனே பிரித்து, நிழலான வெளியிடத்தில் காயவைத்து, முகக்கவசம் போட்டுக்கொண்டு உலர்ந்த மென்தூரிகையால் தட்டுங்கள். ஈரத்துணி தொட்டால் கறை தாளுக்குள் இறங்கும். இந்த வேலையைப் பிள்ளைகளிடம் விடவே கூடாது.

கேள்வி: ஊர்த் தச்சர் ரப்பர் மரத்தில் இலவசமாக அலமாரி செய்து தருவதாகச் சொல்கிறார். வாங்கலாமா?
– பெற்றோர் ஒருவர்

பதில்: தாராளமாக. மரம் போரான் மருந்தேற்றியதா என்று மட்டும் முதலில் கேளுங்கள். மருந்தேற்றாத ரப்பர் மரத்தை வண்டு துளைத்து மாவாக்கிவிடும். உயரம் 120 சென்டிமீட்டர், ஆழம் 30. தட்டின் நீளம் 80க்கு மேல் போனால் நடுவில் தொய்யும். மேல் தட்டு ஒன்றைச் சாய்வாகச் செய்யச் சொல்லுங்கள். தமிழ்ப் படக்கதைகள் மெல்லியவை, முதுகைக் காட்டி அடுக்கினால் பெயரே தெரியாது. அட்டை தெரிந்தால்தான் சின்னப் பிள்ளை கைநீட்டும். எல்லா அலமாரியையும், சுவரிலிருந்து அந்த இடைவெளியை விட்டபடியே, பட்டை வைத்துச் சுவரோடு பிணைக்க மறக்காதீர்கள், பிள்ளைகள் ஏறுவார்கள்.

கேள்வி: நூல்களைப் பொருள்வாரியாக எண்ணிட்டு அடுக்கும் டூவி எண்முறை கட்டாயமா?
– தன்னார்வலர்

பதில்: அறிவியல், வரலாறு போன்ற நூல்களுக்கு 500, 900 என்று மூன்று இலக்கம் போதும். கதை நூல்களுக்கு அது உதவாது. தமிழ் இலக்கியம் முழுவதும் 894.811க்குள் அடங்குவதால் ஆயிரம் புத்தகத்துக்கும் ஒரே எண்தான் வரும். வாசிப்புப் படிநிலை ஒன்றுக்குப் பச்சை, இரண்டுக்கு நீலம் என்று முதுகின் அடியில் ஒட்டி, ஆசிரியர் பெயரின் முதல் எழுத்துப்படி அடுக்குங்கள். சாதாரண செலோடேப் நம் வெக்கையில் மஞ்சளாகிக் கசியும். புத்தகம் உறையிடும் ஒட்டுத்தாளே நிற்கும்.

பட்டியலை எக்செலிலிருந்து சி.எஸ்.வி. என்னும் எளிய உரைக்கோப்பாக மாற்றும்போது, தமிழ் எழுத்தைக் காக்கும் யூ.டி.எஃப்.-8 வகையைத் தேர்ந்தெடுங்கள். இல்லாவிட்டால் தமிழ்த் தலைப்புகள் எல்லாம் கேள்விக்குறிகளாகிவிடும், அந்தக் கோப்பிலிருந்து மீட்க முடியாது.