ஏரி ஏன் பச்சையாகிறது? கேள்வி-பதில்

எங்கள் குளத்துத் தண்ணீர் பச்சையாக இருக்கிறது. என்ன மருந்து போடலாம்? (பட்டுக்கோட்டை)

குளம் எத்தனை ஏக்கர், ஆழம் எவ்வளவு, எந்த வாய்க்காலில் என்ன வந்து சேர்கிறது, ஒன்றுமே எழுதவில்லை. இதற்கு என்ன பதில் சொல்வது? மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) மட்டும் போட்டுவிடாதீர்கள். பாசி மொத்தமாகச் செத்து அழுகும். கரைந்த ஆக்சிஜன் தீர்ந்து மீன் மிதக்கும். நீலப்பச்சைப் பாசி என்றால் செல் உடைந்து நஞ்சும் கலக்கும். ஆடு மாடு குடிக்கும் தண்ணீர் அது. பாசியை வளர்த்த மணிச்சத்தோ (பாஸ்பரஸ்) குளத்திலேயே கிடந்து அடுத்த பாசிக்குத் தீனியாகும்.

பகலில் அளந்தால் ஆக்சிஜன் லிட்டருக்கு 10 மி.கி. காட்டுகிறது. ஆனாலும் கட்லா மீன் சாகிறது. (தஞ்சாவூர்)

அளந்த நேரம் தவறு. பகலில் ஆக்சிஜன் விடும் பாசியே இரவில் அதை இழுத்துக்கொள்ளும். விடியற்காலை 5 மணிக்கு அளந்து பாருங்கள். 3-க்குக் கீழே போனால் தீவனத்தையும் சாணத்தையும் உடனே நிறுத்தி, இரவு 10 மணியிலிருந்தே ஏரேட்டரை (தண்ணீரில் காற்றைக் கலக்கும் கருவி) ஓட விடுங்கள். மேகமூட்டமான நாட்களில் கூடுதல் கவனம் வேண்டும். 'எதற்கும் இருக்கட்டும்' என்று சுண்ணாம்பு போடாதீர்கள். பச்சைக் குளத்தில் பிற்பகல் பி.எச். (கார-அமில அளவு) தானாகவே 9-ஐத் தொடும், சுண்ணாம்பு அதை இன்னும் ஏற்றும். பி.எச். 7-இல், மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவில் நூற்றில் ஒரு பங்குதான் நஞ்சு வடிவில் இருக்கும். 9-இல், நம் ஊர் வெயிலுக்கு, ஏறக்குறைய பாதி.

தழைச்சத்தை (நைட்ரஜன்) குறைக்க வேண்டுமா, மணிச்சத்தையா? (கல்லூரி மாணவி, கோவை)

நன்னீரில் முதலில் மணிச்சத்தை. கனடாவின் ஒன்டாரியோவில் 226-ஆம் எண் ஏரியை 1973-இல் திரை கட்டி இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பக்கம் கரிமமும் தழைச்சத்தும், மறுபக்கம் அவற்றோடு மணிச்சத்தும் இட்டார்கள். மணிச்சத்து விழுந்த பக்கம்தான் பச்சையானது. நீலப்பச்சைப் பாசிகளில் பல, தழைச்சத்தைக் காற்றிலிருந்தே எடுத்துக்கொள்ளும். மணிச்சத்துக்கு அப்படி வழியில்லை. கடலில் கணக்கு வேறு, அங்கே பெரும்பாலும் தழைச்சத்துதான் கடிவாளம்.

ஆகாயத்தாமரையை அள்ளி கரையில் போட்டோம். மழைக்குப் பிறகு ஏரி முன்பைவிட மோசம். (செங்கல்பட்டு)

கரையில் போட்டால் வேறென்ன ஆகும்? எந்த ஊர்த் தூய்மைப் பணியைப் பார்த்தாலும் இதே கதை: பொக்லைன் வரும், படம் எடுப்பார்கள், குவியல் நீர்ப்பக்கச் சரிவிலேயே கிடக்கும். கணக்குப் பாருங்கள். ஒரு டன் பச்சைச் செடியில் 950 கிலோ தண்ணீர். மிச்சம் 50 கிலோவில் மணிச்சத்து சுமார் 200 கிராம். ஒரு கிராம் மணிச்சத்துக்கு 100 கிராம் காய்ந்த பாசி என்று வைத்தாலும் 20 கிலோ பாசிக்கான தீனி. அது அழுகி ஒரே மழையில் ஏரிக்குத் திரும்பும்.

பூக்கும் முன்பே அள்ளுங்கள்; விதை சேற்றில் 15, 20 ஆண்டு உயிரோடு கிடக்கும். மிதவை கட்டிய கயிற்றால் செடியை வளைத்து ஒரு மூலைக்கு ஒதுக்கிக்கொண்டு, துண்டு துணுக்கு விடாமல் எடுங்கள். ஒரு செடி மிஞ்சினாலும் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை இரட்டிப்பாகும். எடுத்ததைக் கரையின் வெளிப்பக்கம், மழைநீர் ஏரிக்குள் வழியாத இடத்துக்குக் கொண்டுபோங்கள். மூன்று நாள் வாடவிட்டு, நறுக்கி, சாணத்தோடு அடுக்கினால் இரண்டு மூன்று மாதத்தில் மட்கும். தொழிற்சாலைக் கழிவு வரும் ஏரியென்றால் அந்த மட்கு காய்கறிக்கு வேண்டாம். கன உலோகங்களை அந்தச் செடி வேரில் சேர்த்துவைக்கும். களைக்கொல்லி தெளிக்கலாமா என்று கேட்கவே வேண்டாம். மயில்துத்தத்துக்குச் சொன்னதே இதற்கும்.

சுத்திகரிப்பு நிலையத்து நீரில் பி.ஓ.டி. 10-க்குக் கீழே. பிறகு ஏன் பாசி? (சேலம்)

பி.ஓ.டி. என்பது கழிவை நுண்ணுயிர்கள் சிதைக்கத் தேவைப்படும் ஆக்சிஜனின் அளவு; அது மணிச்சத்தைச் சொல்லாது. மொத்த மணிச்சத்து எவ்வளவென்று கேளுங்கள். ஏரியில் லிட்டருக்கு 0.03 மி.கி. போதும் பச்சையாக; மணிச்சத்தைத் தனியே நீக்காத நிலையத்திலிருந்து சில மில்லிகிராம் வரும். நூறு மடங்கு!

சாக்கடையை நிறுத்தி ஓராண்டு ஆகிறது. இன்னும் தெளியவில்லை. (மதுரை)

சேறு பழைய கடனைத் திருப்பித் தருகிறது. அடியில் ஆக்சிஜன் தீர்ந்ததும், இரும்போடு ஒட்டியிருந்த மணிச்சத்து கரைந்து மேலே வரும். கோடையில் ஏரி வற்றும்போது வண்டலை எடுத்து வயலுக்கு அடியுங்கள், அனுமதி பெற்றுத்தான். கரையில் குவிக்காதீர்கள் என்பதை மறுபடி சொல்ல வேண்டியதில்லை என்று நினைக்கிறேன்.